வாங்காது திரும்பும் உரிமை

ஜவுளிக் கடை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த சொல் ஒன்று உண்டு. "அப்புறம் வருகிறேன்" என்பதே அது. பத்துச் சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, முந்தானையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, முடிவில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறவரை எந்தக் கடைக்காரரும் சபிப்பதில்லை. பிரித்த சேலைகளை மடித்து அடுக்கிவிட்டு அடுத்து வருபவரை "வாங்க" என்று அழைக்கிறார். இது வியாபாரத்தின் இயல்பு என்பதை அவருடைய தகப்பனார் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கடை கைப்பேசிக்குள் புகுந்த பிறகு இந்த இயல்பு ஒரு நோயாகப் பேசப்படுகிறது. தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம், கரிசல் நிலத்து ஊர். அங்கிருந்துகொண்டு, சங்கரன்கோவில் விசைத்தறிகளில் நெய்த பருத்திச் சேலைகளை இணைய வழியில் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நூறு பேர் சேலையைத் தேர்ந்து கூடையில் போடுகிறார்கள். பணம் கட்டும் பக்கம் வரை வருகிறார்கள். அவர்களில் எழுபது பேர் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகவிடாமல் நிறுத்துவதற்குப் பல உபாயங்கள் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் செய்கின்றன. இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?"

அவர் சொன்ன எழுபது என்னும் எண் அவருடைய கடைக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கில் உள்ள பேமார்ட் ஆய்வு நிலையம் பல நாடுகளில் நடந்த ஏறத்தாழ ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துச் சராசரி கண்டபோதும் நூற்றுக்கு எழுபது என்றே வந்தது. உலகெங்கும் இணையக் கூடைகளில் பத்துக்கு ஏழு நிறைவேறாமலே நிற்கின்றன. ஆகவே அவ்விளைஞர் தம் ராசியை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள். நூல் விலை ஏறிக்கிடக்கிறது. தறிக்காரருக்கு வாராவாரம் பணம் தர வேண்டும். எழுபதில் பத்துப் பேரைத் திருப்பினாலும் அவருக்கு ஒரு மாதத்து வாடகை.

இத்துறையினர் இதற்கு இட்ட பெயரிலிருந்தே நாம் தொடங்க வேண்டும். 'கைவிடப்பட்ட கூடை' என்கிறார்கள். தமிழில் கைவிடுதல் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. பெற்றோரைக் கைவிட்டான், மனைவியைக் கைவிட்டான் என்போம். முன்பே ஓர் உறவு, ஒரு கடமை இருந்தால்தான் அதைக் கைவிட முடியும். சேலையைப் பார்த்துவிட்டுப் போனவருக்கும் கடைக்காரருக்கும் இடையே அப்படி என்ன கடமை ஏற்பட்டுவிட்டது? ஒன்றுமில்லை. பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டிலிருந்துதான், 'போகிறவரைத் தடுத்து நிறுத்தினால் தவறில்லை' என்ற எண்ணமும் முளைக்கிறது. நாம் இதை 'முடியாத பேரம்' என்றே சொல்வோம்.

நம் பிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் மிகத் தெளிவாகப் பேசுகின்றன. விற்பவரின் முன்மொழிவு ஈஜாப் எனப்படும். வாங்குபவரின் ஏற்பு கபூல் எனப்படும். இரண்டும் பொருந்தினால்தான் வியாபார ஒப்பந்தம் உண்டாகும். கபூல் சொல்லாதவரை வாங்குபவர் முழுச் சுதந்திரர் என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேற்றுமை இல்லை. ஒருபடி மேலே போய், இருவரும் ஒத்துக்கொண்ட பிறகும், அந்த அமர்விலிருந்து பிரிந்து செல்லும் வரை, இருவருக்குமே முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் கொண்டார்கள். இதுவே கியாருல் மஜ்லிஸ். நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய பிரபலமான நபிமொழி இதற்கு ஆதாரம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அந்நபிமொழியில் வரும் பிரிவு என்பது பேச்சால் பிரிவதே என்று விளக்கி, ஈஜாபும் கபூலும் முடிந்ததும் ஒப்பந்தம் உறுதியாகிவிடும் என்றார்கள். தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாபிஈகள். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனபிகள். எனவே காயல்பட்டினத்துக் கடையிலும் தென்காசிக் கடையிலும் 'எப்போது வியாபாரம் முடிகிறது' என்பதற்கு ஏட்டளவில் வேறு வேறு விடைகள் உள்ளன. ஆயினும் பணம் கட்டும் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருப்பவர் இன்னும் எதையும் ஏற்கவில்லை என்பதில் இரண்டு விடைகளும் ஒன்றே.

நேரில் பாராதவர்கள் கருவிகளின் வழியாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லுமா என்று 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி ஆராய்ந்தது. எழுத்து, தந்தி, டெலக்ஸ், கணினித் திரை முதலியவற்றின் மூலம் முன்மொழிவு போய்ச் சேர்ந்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் ஏற்படும் என்று அன்று முடிவு செய்தார்கள். இன்று பொத்தானை அழுத்துவதும் அவ்வகையான கபூல் என்றே கொள்ளலாம். அழுத்தாமல் போவது கபூல் இல்லாமை, அவ்வளவுதான்.

மேல்நாட்டு வணிகமும் இந்த உண்மையை ஒரு காலத்தில் கண்டுகொண்டுதான் வளர்ந்தது. பாரிஸ் நகரில் 1852 முதல் அரிஸ்டீட் பூசிகோ என்பவர் வளர்த்தெடுத்த போன் மார்ஷே அங்காடியில், ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. யாரும் உள்ளே வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகலாம். வாங்கியதைத் திருப்பியும் தரலாம். வாங்காமல் போகும் உரிமையை வெளிப்படையாகத் தந்ததனால் கூட்டம் குறையவில்லை; அந்தக் கடை உலகின் மாபெரும் அங்காடிகளுள் ஒன்றாயிற்று.

சரி, உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஏன் போகிறார்கள்? சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் எந்தக் கடையிலும் உண்டு. வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் கடைசிப் படியில் திரும்பிப் போவதற்குச் சொல்லும் காரணங்களில் ஆய்வுகள் பலவற்றிலும் முதலில் நிற்பது ஒன்று: முதலில் சொல்லாத செலவு கடைசியில் முளைத்தது. சேலை 780 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, பின்கோடு, கைப்பேசி எண், அதற்கு வரும் ஓடிபி எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அனுப்பும் செலவு 90, கட்டும் செலவு 25, வரி 39 என்று வந்து 934 ரூபாய் ஆகிறது. வாங்க வந்த பெண்மணி கணக்குப் பார்க்கிறார். நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய் அவருக்குப் பெரிய தொகையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு உறைப்பது, 'இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?' என்பதே.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரி பொய் ஏதும் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். உலர்ந்தது மேலேயும் ஈரமானது கீழேயும் இருந்ததுதான் குற்றம். 780 மேலேயும் 934 கீழேயும் இருப்பதற்கும் இதற்கும் வேற்றுமை காண நம்மால் இயலவில்லை.

நாட்டுச் சட்டமும் இப்போது இதையே சொல்லுகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், கட்டாயச் செலவுகள் அனைத்தும் அடங்கிய மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதன் பிரிவுகளையும் காட்ட வேண்டும் என்கின்றன. வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே குறியிட்ட கட்டங்களால் பெறக்கூடாது என்றும் விலக்குகின்றன. 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் மறைமுகமாக ஏமாற்றும் 13 உத்திகளைப் பெயரிட்டு விலக்கியது. விலையைச் சிறிது சிறிதாக அவிழ்ப்பது அவற்றுள் ஒன்று. கேளாத பொருளைக் கூடைக்குள் நழுவ விடுவது ஒன்று. பொய்யான அவசரம் காட்டுவது ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது மற்றொன்று.

நம் தமிழுக்கும் இது புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, அவர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் இருந்ததைப் புகழ்கிறது. அவர்கள் தம் ஆதாயம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள் என்று பொருள் கூறும் உரை உண்டு. நம் பிக்ஹு நூல்களில் முராபஹா என்று ஒரு வியாபார வகை இருக்கிறது: அடக்க விலை இவ்வளவு, என் லாபம் இவ்வளவு என்று சொல்லி விற்பது. பூம்புகாரின் கடைத்தெருவும் நம் மதரஸாவின் கிதாபும் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒரே முறையைப் பேசுவதைக் காண நமக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

இனி உபாயங்களுக்கு வருவோம். 'இன்னும் இரண்டே சேலைகள் உள்ளன' என்று எழுதுகிறார்கள். 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது; பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்தே ஓடுகிறது. 'இந்நேரம் நாற்பது பேர் இச்சேலையைப் பார்க்கிறார்கள்' என்கிறது ஒரு வரி. 1,500 என்று எழுதி அடித்துவிட்டுப் பக்கத்தில் 780 என்று எழுதுகிறார்கள். 1,500க்கு அது ஒருநாளும் விற்றதில்லை. வேண்டாம் என்று சொல்ல வருபவருக்கு, 'எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை' என்று எழுதிய பொத்தான் மட்டுமே காட்டப்படுகிறது.

இவற்றுக்குப் புதிய தீர்ப்பு ஏதும் தேவையில்லை. பழைய பெயர்களே போதும். வாங்கும் எண்ணம் இல்லாதவர், பிறரைத் தூண்டுவதற்காகவே விலையை ஏற்றிக் கேட்பது நஜ்ஷ்; அது ஹதீஸில் தடுக்கப்பட்டது. இல்லாத நாற்பது பேரைக் காட்டுவது அந்த நஜ்ஷின் குட்டி. ஆட்டை விற்பதற்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதைக் காட்டி விற்பது தஸ்ரியா; அதுவும் தடுக்கப்பட்டது. அவ்வாறு ஏமாந்தவர் கறந்து பார்த்த பின் ஆட்டைத் திருப்பித் தரலாம். 1,500 என்ற பொய் விலை கறக்காத மடியேயாகும்.

ஒரு செய்தியை இடையே சொல்லலாம். இணையத்தில் 'கூடை' என்றும் 'வண்டி' என்றும் சொல்கிறோமே, அந்தத் தள்ளுவண்டியை 1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் தம் கடைகளுக்காகச் செய்தவர் சில்வன் கோல்ட்மன். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. அவர் சில ஆண்களையும் பெண்களையும் கூலிக்கு அமர்த்தி, வாங்குவோர் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் செய்தாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளத் தொடங்கினார்கள். இது நஜ்ஷ் ஆகுமா என்று நம் மாணவர்களிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். நம் எண்ணம், ஆகாது என்பதே. அவர் விலையை ஏற்றவில்லை. வண்டியின் பயனையே நடத்திக் காட்டினார்.

பொய்யான அவசரத்தில் ஒரு தனித் தீங்கு உண்டு. அது சிறு வியாபாரியின் தலையில்தான் வந்து விடிகிறது. திருவேங்கடத்து இளைஞர் 'இரண்டே சேலைகள் உள்ளன' என்று எழுதினால் பெரும்பாலும் அது முழு உண்மை. அந்த நிறத்தில் தறிக்காரர் போட்ட பாவில் மிஞ்சியவை அவ்வளவே. மறு பாவு போட எத்தனை நாள் ஆகுமோ. ஆயிரக்கணக்கான கடைகள் இல்லாத அவசரத்தைக் கூவிக் கூவி, உண்மையான அவசரத்தைச் சொல்லுகிறவரின் வார்த்தையைச் செல்லாக் காசாக்கிவிட்டன. பொய் சொல்லுகிறவன் தன் வாடிக்கையாளரை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மை சொல்லும் இன்னொரு வியாபாரியின் நாணயத்தையும் திருடுகிறான். ஆகவேதான் 'எல்லாரும் செய்கிறார்கள்' என்ற வாதத்தை நம்மால் ஏற்க முடியவில்லை. எல்லாரும் செய்வதால்தான் அது இவ்வளவு கேடாயிற்று.

பெரிய கம்பெனிகள் செய்கின்றனவே என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 2017 வரை அனுபவித்த நிறுவனம் அமேசான். வாங்குவது ஒரு சொடுக்கு. ஆனால் அதன் பிரைம் சந்தாவிலிருந்து விலகுவது அப்படி இல்லை, மக்களைத் தெரியாமல் சேர்த்து வெளியேற விடாமல் சுற்றவிடுகிறது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2023இல் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஹோமரின் நீண்ட காவியமான இலியத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்பதும் அவ்வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பணம் அவர்களிடம் இருந்தது. திருவேங்கடத்துக் கடையிடம் இருப்பது பெயர் ஒன்றுதான்.

இன்னோர் உபாயம் உண்டு. அது பொய்யன்று, ஆயினும் நம்மை வெகுவாக யோசிக்க வைத்தது. வாங்காமல் போனவருக்கு மறுநாள், 'திரும்பி வாருங்கள், பத்து விழுக்காடு தள்ளித் தருகிறோம்' என்று செய்தி அனுப்புவது. விற்பனையைக் கூட்டச் சிறந்த வழி என்று இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தம் பொருளின் விலையைக் குறைக்க வியாபாரிக்கு உரிமை இல்லையா? உண்டு. பேரம் பேசுகிறவருக்குக் குறைப்பது நம் கடைத்தெருவின் வழக்கந்தானே? ஆம். ஆனால் அதே சேலையை, சொன்ன விலையை நம்பி, ஒரு கேள்வியும் கேளாமல், நேற்றே பணம் கட்டி வாங்கிய ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் 780 கொடுத்தார். சந்தேகப்பட்டுப் போனவர் 702 கொடுக்கிறார். நம்பியதற்கு அபராதம் 78 ரூபாய்.

விலை தெரியாமல், பேரமும் பேசாமல், விற்பவரின் வார்த்தையை நம்பித் தன்னை ஒப்படைக்கும் வாடிக்கையாளருக்கு பிக்ஹு நூல்கள் முஸ்தர்ஸில் என்று பெயர் தருகின்றன. அவரிடம் மிகையாக விலை பெற்றிருந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று ஹன்பலி மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. 78 ரூபாய் அத்தகைய பெரும் மிகையன்று. ஆகவே ஹராம் என்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் நம்புகிறவரை நட்டப்படுத்தும் ஏற்பாடு நிலையான வழக்கமாகிவிட்டால், வாடிக்கையாளர்கள் விரைவிலேயே பாடம் கற்றுக்கொள்வார்கள்: கூடையில் போடு, போய்விடு, மறுநாள் வா. அப்போது எழுபது எண்பதாகும். தள்ளித் தர முடியுமானால் அனைவருக்கும் விலையையே 702 என்று போடுவது நேர்மை. அல்லது, முன்பு வாங்கியவர் மறுமுறை வரும்போது அவருக்குத் தள்ளித் தருவது. அதில் நம்பியவருக்கு நன்றி இருக்கிறது.

'அனுப்பும் செலவு இலவசம்' என்று எழுதலாமா என்றும் அவர் கேட்டார். செலவை விலையோடு சேர்த்துவிட்டு இலவசம் என்பது பொய்யின் ஓரத்தில் நடப்பது. 'அனுப்பும் செலவு உட்பட 934 ரூபாய்' என்று எழுதினால் அதே காரியம் முடிகிறது; நாவும் சுத்தமாக இருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் விலக்கினால் பிழைப்பது எப்படி என்பது நியாயமான கேள்வி. நேர்மையாக நடந்தால் விற்பனை தானாகப் பெருகும் என்று சொல்லி நாம் அவரை அனுப்பிவிடவில்லை. பொய்க் கடிகாரம் சில நாள் விற்பனையைக் கூட்டத்தான் செய்யும். கூட்டாவிட்டால் அதை யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தடுப்பார் இல்லாமையால் போகவில்லை. தெளிவு இல்லாமையால் போகிறார்கள். இவ்விடத்தில் செய்யத் தக்கது நிறைய உண்டு. சேலையின் பக்கத்திலேயே பின்கோடு கேட்டு, அங்கேயே மொத்தத் தொகையையும் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதையும் சொல்லிவிடலாம். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை என்று கட்டாயப்படுத்தாமல் விருந்தாளியாகவே வாங்கிப் போகவிடலாம்; ஒரு சேலை வாங்க வந்தவரிடம் பிறந்த நாள் எதற்கு? 2016இல் வந்த யுபிஐ முறையால் அட்டை எண்ணைத் தர அஞ்சுபவரும் பணம் கட்ட முடிகிறது. அதை முதலில் வைக்கலாம். சேலையை விளக்கொளியில் மட்டுமன்றிப் பகல் வெயிலிலும் படம் எடுத்து, நீளம் இவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, முதல் அலசலில் சாயம் போகுமா என்றெல்லாம் எழுதிவைக்கலாம். பாராத பொருளை வாங்குவதில் ஷாபிஈ இமாம்கள் காட்டிய கண்டிப்பும், பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ ஹனபி இமாம்கள் தந்த கியாருர் ருஃயா என்னும் உரிமையும், இந்த ஒரு கவலையிலிருந்தே பிறந்தவை.

அச்சம் என்பதும் ஒரு காரணம். அதைத் திருவேங்கடத்தார் நன்றாக அறிவார்கள். பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. பட்டாசை இணையத்தில் விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகும், பாதி விலைக்குப் பட்டாசு என்று காட்டிப் பணத்தைச் சுருட்டும் போலித் தளங்கள் முளைத்தன. 2024 தீபாவளியின்போது தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு அவற்றைப் பற்றி மக்களை எச்சரித்தது. அப்படிச் சூடுபட்டவர் அடுத்துக் காணும் உண்மையான சேலைக் கடையிலும் பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிடுவார். அவருக்குத் தேவை சலுகையன்று. கடை எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த எண்ணில் கூப்பிட்டால் ஒரு மனிதர் பேசுவார் என்பதே அவருக்குத் தேவை. கோ-ஆப்டெக்ஸ் சேலைகளில் நெய்தவரின் பெயரையும் படத்தையும் ஒரு சிறு அட்டையில் வைத்தார்களே, அது நல்ல யோசனை. தறிக்காரர் இசைந்தால் இவரும் அவ்வாறு செய்யலாம்.

போனவரைத் திரும்ப அழைக்கலாமா என்பது மிச்சமிருக்கிறது. முகவரிக் கட்டத்தில் கைப்பேசி எண்ணை இட்டவுடனேயே, வாங்குமுன்பே, அதைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் நாள்தோறும் செய்தி அனுப்பும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்த எண்ணை அவர் தந்தது சேலை வந்து சேர்வதற்காக. அது அமானிதம், தந்த காரியத்துக்கு மட்டுமே உரியது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகச் சம்மதம் பெற்றோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. ஆகவே, 'இடையில் நின்றுபோனால் நினைவூட்டலாமா?' என்று ஒரு வரியில் கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எத்தனை முறை? பிறர் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, விடை இல்லையேல் திரும்பிவிட வேண்டும் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். கைப்பேசி இன்று ஒருவருடைய வீட்டு வாசல். மூன்றே அதற்கும் எல்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் அழகு. அந்த ஒன்றிலும், 'சேலை கூடையிலேயே இருக்கிறது. ஏதேனும் சந்தேகம் உண்டா?' என்று கேட்பது மேல். வரும் பதில்கள் இருபதைப் படித்தாலே, கடையில் எது கோணல் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரைத் திருப்பி அழைத்த வியாபாரி ஒருவரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் காட்டுகிறார்கள். பஸராவின் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. கடையில் 400 திர்ஹம் ஆடையும் இருந்தது. 200 திர்ஹம் ஆடையும் இருந்தது. அவர் தொழச் சென்றிருந்த வேளையில், தம்பி மகன் கடையில் இருந்தான். கிராமத்து அரபி ஒருவர் 400க்கு ஆடை கேட்க, அவன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவரும் விரும்பி 400 கொடுத்து வாங்கிச் சென்றார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸ் அவர்கள் தம் கடைத் துணியை அடையாளம் கண்டு விலையை விசாரித்தார்கள். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குச் சம்மதமே என்று அவர் சொல்லியும் கேளாமல், கடைக்குத் திருப்பி அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். சம்மதம் மட்டும் போதாது, விவரம் தெரிந்த சம்மதமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் நம்மிடம் இல்லை.

இவ்வளவும் விற்பவருக்குச் சொன்னோம். வாங்குகிற நம் குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பணம் கட்டும் பக்கத்திலிருந்து திரும்புவது உரிமை. ஆனால், பொருள் வந்ததும் பணம் தருகிறோம் என்று உறுதி செய்து, வியாபாரி கட்டி அனுப்பி, கூரியர்காரர் வெயிலில் வந்து வாசலில் நிற்கும்போது, 'வேண்டாம், மனம் மாறிவிட்டது' என்று கதவைச் சாத்துவது அதே உரிமை ஆகாது. அங்கே கபூல் சொல்லியாயிற்று. சேலை சொன்னபடி இல்லையென்றாலோ கிழிந்திருந்தாலோ திருப்புவதற்குச் சட்டம் இடம் தருகிறது. பார்த்த பின் மறுக்கலாம் என்ற ஹனபிகளின் சலுகை, பிரித்துக்கூடப் பாராமல் திருப்புகிறவருக்கு உதவாது. அந்த ஒரு சேலைக்கு அந்தச் சிறு வியாபாரி போகவும் வரவும் இருமுறை கூலி கொடுக்கிறார். பெரும்பாலும் அச்செலவு அதன் லாபத்தையே விழுங்கிவிடும். இரண்டு மூன்று கடைகளில் ஒரே சேலையைச் சொல்லி வைத்து, முதலில் வந்ததை வாங்கிக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புவதைச் சாமர்த்தியம் என்று சில வீடுகளில் பெருமையாகப் பேசுகிறார்கள்.

மெய்யாகவே மனம் மாறிவிட்டால், அனுப்பும் முன் ஒரு செய்தி சொல்லிவிடலாம். அனுப்பிவிட்டாரென்றால், கேட்டுக்கொள்ளலாம், வருந்தி வரும் வாடிக்கையாளரிடமிருந்து பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு இகாலா என்று பெயர், அதற்கு அல்லாஹ்விடம் பெரும் நற்கூலி உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஆனால் அது வியாபாரி மனமுவந்து செய்யும் உபகாரம். போகவரக் கூலியை நாமே ஏற்றுக்கொண்டு அந்த உபகாரத்தைக் கேட்பதே முறை. திருவேங்கடத்து இளைஞரிடம் அப்படிக் கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர் என்றார். மூவருக்கும் அவர் கூலியை வாங்காமலே பணத்தைத் திருப்பிவிட்டாராம்.